ஏழு தட்டுச் சொல்

லிஸ்பெத் சுட்டுவிரலால் எங்கள் குசினி மேசையில் நாலு தரம் தட்டினாள். முதல் தட்டு பலமாக, மற்ற மூன்றும் சும்மா தொட்டதுபோல. மேசையில் ஒரு அட்டை, அதில் வெள்ளை ஏப்ரன் கட்டிய மீன்கடைக்காரன் ஒருவனின் படம். "பிஸ்-கெ-ஹான்ட்-லர்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துண்டாகச் சொல்லிவிட்டு, என் மனுசன் நீக்கிலாஸின் இடது கையைப் பிடித்து மேசைக்குக் கொண்டுவந்தாள். வலது கை அவருடைய மடியில் கிடந்தது. நான் அடுப்படியில் நின்று அவருக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தேன். கொமுனே என்கிற டெனிஷ் நகரசபை அனுப்பிய பேச்சுப் பயிற்சிக்காரி லிஸ்பெத். கிழமைக்கு இரண்டு தரம் பிராண்டேயில் எங்கள் வீட்டுக்குக் கார் ஓட்டி வந்து, இப்படி மேசையைத் தட்டிவிட்டுப் போவாள். எனக்கு அவளில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இருக்கவில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து நீக்கிலாஸின் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரு "ம்" மட்டும்தான். சும்மா சொல்லக்கூடாது, வாதம் வருவதற்கு முன்னும் அவர் அதைவிட அதிகமாக ஒன்றும் கதைத்தவர் இல்லை.

அவர் படத்தைப் பார்த்தார். மீன்கடைக்காரனின் கையில் இருந்த மீனைப் பார்த்தார். பிறகு தன் கையை லிஸ்பெத்தின் பிடியிலிருந்து உருவிக்கொண்டு தானே தட்டினார். நாலு இல்லை, ஏழு. முதல் தட்டில் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை ஆடியது. "பிஸ்-கெ-பொர்-ஏட்-லிங்ஸ்-பெ-ட்ரிப்ட்."

நான் குழைத்த சோற்றோடு அப்படியே நின்றேன். ஒரு சொல் வராத மனுசனின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஒரு சொல். அதுவும் திக்காமல், எச்சில் வடியாமல், கடைசியில் ஒரு ராகம் போட்டு மேலே ஏற்றி முடித்து. லிஸ்பெத் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். மூன்றாம் தரம் கேட்காமலே அவராகச் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன்.

"இது டெனிஷ் இல்லை" என்றாள் லிஸ்பெத். "உன் கணவர் நோர்வேயில் இருந்தவரா?"

இருந்தவர்தான். கலியாணம் பேசின காலத்திலேயே அது எனக்குத் தெரியும். டென்மார்க்குக்கு வருவதற்கு முன் நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றவர். "எப்பிடி இருந்தது?" என்று கேட்டதற்கு "குளிர், இருட்டு, மீன்" என்றார். மூன்று சொல். அதற்குப் பிறகு அந்த ஊரைப்பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அந்த மூன்று சொல்லுக்குள் ஒரு முழுப் பாஷை இருக்கும் என்று யார் கண்டது?

லிஸ்பெத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கடதாசியில் அந்தச் சொல்லை எழுதி, இடையிடையே கோடு போட்டுக் காட்டினாள். மீன், பதனிடுதல், தொழிற்சாலை. இந்த ஊர்ப் பாஷைகளில் சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டே போகலாமாம், நடுவில் ஒரு 'ஸ்' பசைபோலக் கிடக்கும். பலம் முழுவதும் முதல் துண்டில் விழும், ஆனால் சாமான் என்ன என்று சொல்லுவது கடைசித் துண்டு. அதனால் நீளமான சொல்லைக் கண்டு பயப்படாமல் பின்னாலிருந்து வாசிக்க வேண்டும். "தமிழிலும் நாங்கள் ஒட்டுவோம், நீங்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. டெனிஷ்காரர் புட்டை வாயில் வைத்துக்கொண்டு கதைப்பதுபோல நடுத்துண்டுகளை விழுங்கிவிடுவார்கள், நோர்வேக்காரர் ஒவ்வொரு துண்டையும் துடைத்து எடுத்து வைப்பதுபோலச் சொல்லுவார்கள், அதோடு ஒரு ராகமும் இருக்கும். அந்தத் தட்டும் ராகமும் மூளையில் வேறு இடத்தில் தங்கிவிட்டதாக்கும், அதனால்தான் தப்பியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போகும்போது வாசலில் வைத்து ஒரு விஷயம் சொன்னாள். "இப்போதைக்கு அவரோடு தமிழில் கதைக்க வேண்டாம். எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதால் போவோம். நீ டெனிஷில் கதை, அவர் நோர்வேயில் பதில் சொல்லட்டும். இரண்டும் பக்கத்து வீடுகள்தானே."

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான் தமிழில் ஏதாவது சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும். உதடு நடுங்கும், ஒன்றும் வராது, பிறகு இடது கையால் தன் வாயில் தானே அடிப்பார். இரண்டு தரம் உதடு வெடித்து இரத்தம் வந்தது. மாதாவே, அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. சரி, தமிழைக் கொஞ்ச நாள் பரணில் போட்டு வைப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னுடைய டெனிஷ் எப்படிப்பட்ட டெனிஷ் என்று லிஸ்பெத்துக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்கு அது யோசனையில் வரவில்லை. நான் இந்த ஊரில் வயதுபோன ஆட்களின் வீடுகளுக்குப் போய் அவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றிச் சாப்பாடு கொடுக்கிறவள். யெம்மெயெல்ப் என்பார்கள், வீட்டுதவி. கொமுனேயின் சின்னக் காரில் காலையில் வெளிக்கிட்டால் மத்தியானம் வரை வீடு வீடாக அதுதான் வேலை. நான் டெனிஷ் படித்தது பள்ளிக்கூடத்தில் பாதி, அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் பாதி. அந்தப் பாஷையில் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது, கோபிக்கத் தெரியாது, கொஞ்சத் தெரியாது. தெரிந்ததெல்லாம் "சோ, நு ஸ்கல் வி ஒப்" என்பதுதான். சரி, இப்போது நாங்கள் எழும்பப்போகிறோம். எழும்புகிறது கட்டிலில் கிடக்கிறவர், ஆனாலும் 'நாங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும், மரியாதைக்கு. அதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே மேலே ஏறி, குழந்தைப்பிள்ளைக்குச் சொல்லுவதுபோலக் குழைந்துவிடும்.

நீக்கிலாஸைப் பார்க்கக் கொமுனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஊராருக்கெல்லாம் செய்கிறவள் என் மனுசனுக்குச் செய்யமாட்டேனா என்று லீவு எடுத்துக்கொண்டு நானே நின்றேன். வேலைக்குப் போடுகிற அதே நீலச் சட்டை, அதே ஏப்ரன், அதே கையுறை. முதுகு வளையாமல் இருக்க அதுதான் வசதி. வீட்டின் நடுச் சாலையில் கொமுனே கொடுத்த தூக்குகிற கட்டில், அதில் அவர். நான் மகளின் பழைய அறையில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது டொக்டர் ஒருவர், பின்மூளையிலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, சில வேளை முகங்கள் குழம்பலாம் என்றார். நான் தலையாட்டினேன். குழம்பினதாக எனக்குத் தெரியவில்லை. காலையில் திரைச்சீலையை இழுத்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பாரே.

நோர்வேச் சங்கதி எங்கள் பற்றிமா அக்காவின் காதுக்குப் போய்விட்டது. பக்கத்து ஊர் கிரின்ஸ்டெட்டில் இருக்கிறா, ஆனால் எங்கள் வீட்டில் தண்ணி கொதிப்பதும் அவவுக்குக் கேட்கும்.

"விமலா, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதை" என்றா போனில். "பாஷை எண்டது சும்மா வந்து ஒட்டாது. ஆரோ பக்கத்திலை இருந்து சொல்லிக் குடுத்திருக்கினம்."

"ஆர் அக்கா?"

"அதை நீயெல்லோ கேக்கோணும். வெள்ளைக்காரியளை ஆர் கண்டது."

"இந்த வயசிலை, கை கால் விளங்காமல் கிடக்கிற மனுசனிட்டை அதைக் கேக்கட்டே?" என்று போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டேனே தவிர, அன்றைக்கு முழுக்க அது அரித்துக்கொண்டே இருந்தது. நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை கிளோறியா ஒடென்சேயிலிருந்து வந்தாள். என் மகளுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் டெனிஷ்தான் வரும். சின்னதிலிருந்தே அப்படித்தான். அவருக்குத் தமிழ் மட்டும், அவளுக்கு டெனிஷ் மட்டும், நடுவில் நான். "பப்பாட்டைச் சொல்லுங்கோ", "பிள்ளையிட்டைச் சொல்லு" என்று இரண்டு பேரும் என்னைத்தான் பிடிப்பார்கள். அன்றைக்கு அவள் அவருடைய கட்டிலில் ஏறிச் சம்மணம் கொட்டி இருந்துகொண்டு வழக்கம்போலத் தன் டெனிஷில் ஏதோ சொன்னாள். அவர் ராகம் போட்டுப் பதில் சொன்னார். அவள் திகைத்துப்போய் இன்னொன்று கேட்டாள். அதற்கும் பதில். நான் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கிறேன், சாலையிலிருந்து இரண்டு பேரும் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிற சத்தம். இந்த வீட்டில் அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்து நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு வராத தமிழில் சொன்னாள். "மம்மி, பப்பா பகிடி விடுறார்."

அன்றைக்கு நான் சந்தோசப்பட்டேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும்தான். இந்த மனுசனுக்குப் பகிடி விடத் தெரியுமா? தெரிந்துகொண்டா இவ்வளவு காலம் பூசணிக்காய் மாதிரி இருந்தது?

அதற்குப் பிறகு அவர் என்னோடும் கதைக்கத் தொடங்கினார். கால் கழுவும்போது, மாத்திரை கொடுக்கும்போது, நான் கட்டில் விரிப்பை மாற்றும்போது. ஒரு நாள் மனதைத் தேற்றிக்கொண்டு, என் கட்டில்பக்கத்து டெனிஷில் கேட்டேன். "இவ்வளவு சொல்லையும் உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?"

"எல்லோரும்" என்றார்.

மீன் வெட்டுகிற மேசையில் அவரோடு நின்றவர்கள் அத்தனை பேரும் அந்த ஊர்ப் பெண்களாம். ஐஸ் தண்ணிக்குள் கை, வெளியே பகலிலும் இருட்டு. நித்திரை வராமல் இருக்க அவர்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். ஒருத்தி 'உறை' என்பாள். அடுத்தவள் முன்னால் 'கை' வைப்பாள். மூன்றாமவள் அதற்கு முன்னால் 'ரப்பர்' வைப்பாள். அப்படியே ஒட்டிக்கொண்டு போய், ஒட்ட முடியாமல் நிற்கிறவள் எல்லோருக்கும் கோப்பி கொண்டுவர வேண்டும். ஒவ்வொருத்தரும் சொல்லை முழுதாக, துண்டு துண்டாக, கத்திப்பிடியால் மேசையில் தட்டிச் சொல்ல வேண்டும். தட்டுப் பிழைத்தாலும் கோப்பிதான்.

"அங்கே நின்ற காலம் முழுக்க நான் ஒரு நாளும் கோப்பி கொண்டுவந்தது இல்லை" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. கோணின வாயோடு அந்தச் சிரிப்பைப் பார்க்க, பெண்பார்க்க வந்த நாளில் நான் பார்த்திருக்க வேண்டிய ஆள் இவர்தான் என்று தோன்றியது.

"அப்படியென்றால் இங்கே வந்து ஏன் வாயைத் திறக்கவில்லை?"

அதற்கும் பதில் சொன்னார். டென்மார்க்குக்கு வந்தபோது, இரண்டும் ஒரே பாஷைதான், இங்கே கொஞ்சம் சோம்பேறித்தனமாகச் சொல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். முதல் வேலையிடத்தில், முதல் நாளே, எல்லோர் முன்னும் எழும்பி நின்று கையுறை எங்கே என்று நோர்வே ராகத்தில், ஒரு துண்டும் விடாமல் கேட்டிருக்கிறார். கறுத்தப் பொடியன் ஒருவன் வடக்கு மூலை மீனவன்மாதிரிக் கதைக்கிறான் என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் அவரைக் கண்டால் அந்த ராகத்தில் பாடுவார்களாம். "கெட்ட மனிதர்கள் இல்லை, பகிடிதான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு திறக்க மறந்துபோனேன்."

இதை எனக்கு அப்போதே தமிழில் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய்வரை வந்தது. தமிழ்தான் பரணில் கிடக்கிறதே. "சோ, இப்போது நாங்கள் மறுபக்கம் திரும்பப்போகிறோம்" என்று சொல்லி விரிப்பை இழுத்தேன்.

அந்த நாட்களில் நான் பைத்தியம்போலத்தான் திரிந்தேன். கடைக்குப் போனால் ஓடி வருவேன், இன்றைக்கு என்ன கதை சொல்லப்போகிறாரோ என்று. கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு என் மனுசனோடு எனக்குச் சிநேகிதம் பிடித்தது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம். அவரைப் பொல்லோடு நடத்திக் கொண்டுபோய்ச் சாலை ஜன்னலடியில் கதிரையில் இருத்தி, கழுத்தில் துவாயைச் சுற்றி, முகம் வழித்துக்கொண்டிருந்தேன். வலது கன்னம் தொங்கிக் கிடப்பதால் அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்துத்தான் வழிக்க வேண்டும். முடிக்கிற நேரத்தில் "துசன் தக்" என்றார், ஆயிரம் நன்றி. பிறகு சொன்னார். "நீங்கள் மிக அன்பாக வேலை செய்கிறீர்கள். கொமுனேக்கு யாராவது சொல்ல வேண்டும்."

பகிடிதான் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒன்று கேட்கலாமா?" என்றார். "என் மனைவி எப்போது வருவாள்?"

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரோ வந்து நிற்கிறார்கள், அவர்களைக் கேட்கிறார் என்று என் புத்தி அந்த ஒரு நொடி நம்பியது. பின்னால் கட்டில் மட்டும்தான் இருந்தது. திரும்பினேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், மரியாதையாக, பதிலுக்குக் காத்துக்கொண்டு. கையில் ரேசர். அதை அவருடைய கன்னத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று தெரிந்தது, கை அசையவில்லை. வாழ்க்கையில் எனக்குச் சாவுச் செய்திகள் வந்திருக்கின்றன, குண்டு விழுந்து வீடு போன செய்தி வந்திருக்கிறது. இப்படி ஒரு அடி எனக்கு விழுந்தது இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தெளிந்தது. நீலச் சட்டை. கையுறை. மகளின் அறையில் படுக்கை. 'நாங்கள் எழும்பப்போகிறோம்' என்கிற அந்தக் குழைந்த குரல். முகம் குழம்பலாம் என்று டொக்டர் சொன்னது. கிளோறியா அவருக்குக் கிளோறியாவாகவே இருந்தாள், ஏனென்றால் அவள் என்றைக்கும்போலத் தன் டெனிஷில் "பப்பா" என்றாள். பாஷை மாற்றியது நான் ஒருத்திதான். தமிழை நிறுத்தின நாளோடு அவருடைய பெண்சாதி வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் கொமுனேயிலிருந்து ஒரு வீட்டுதவிக்காரி வந்து நின்றிருக்கிறாள், இவ்வளவு நாளும். அவர் பகிடி விட்டது அவளோடு. சிநேகிதம் பிடித்ததும் அவளோடு.

'நான்தானே' என்று தமிழில் கத்தியிருக்கலாம். கத்தினால் அவர் வாயில் அடித்துக்கொள்ளுவார் என்ற பயம் இருந்தது. அது மட்டும் இல்லை, மனுசியின் மனம் பொல்லாதது. எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

"அவ உங்களைப் பார்க்க வருவதில்லையா?" என்று கேட்டேன், அதே வேலைக்குரலில். குரல் எப்படி வந்ததோ தெரியாது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அழுதாள், அந்தக் குரல் எனக்குத் தெரியும். வீட்டுக்கும் வந்தாள். நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பிறகு அவள் வரவில்லை." இடது கையால் துவாயின் நுனியைத் திருகினார். "கோபித்திருப்பாள். பிழை சொல்ல முடியாது. என்னோடு இருப்பது சுவரோடு இருப்பதுபோலத்தான்."

"எப்படிப்பட்டவ, உங்கள் மனைவி?"

"கதைப்பாள்." சிரித்தார். "இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே கதைப்பாள். கடைக்காரனோடு சண்டை, லைட் பில்லோடு சண்டை, காற்றோடும் சண்டை." கொஞ்சம் யோசித்தார். பிறகு கதிரைக் கையில் தட்டத் தொடங்கினார். முதல் தட்டு பலமாக. "ஸே-தெ-வார்-மெர்-கூ-னெ."

லிஸ்பெத் சொல்லித்தந்தபடி நான் பின்னாலிருந்து பிடித்தேன். கூனே, பெண்சாதி. அதற்கு முன்னால் சூடாக்கி. அதற்கும் முன்னால் இருக்கை. ஒட்டிப் பார்த்தேன், விளங்கவில்லை. அவரே விளங்கப்படுத்தினார். லைசென்ஸ் எடுக்கவே இல்லை, எழுத்துச் சோதனையில் ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டவர். அதனால் வேலைக்கு ஏற்றி இறக்கினது மனைவிதான். பனிக்காலத்தில் வேலை முடிந்து வாசலுக்கு வந்தால் கார் நிற்கும். ஏறி இருந்தால் அவருடைய இருக்கை சூடாக இருக்கும். பழைய கார், பற்றரி தாங்காது என்று தன் பக்கத்துச் சூட்டை நிறுத்திவிட்டு அவருடைய பக்கத்தை மட்டும் போட்டு வைத்திருப்பாள். இரண்டு கையையும் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டே திட்டுவாள், ஏன் பிந்தினீர்கள் என்று.

"இருக்கைசூடாக்கிப்பெண்சாதி" என்றேன் மனதுக்குள். தமிழிலும் ஒட்டியது.

"அவளிடம் இதைச் சொன்னீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"தெரியாது. தமிழில் எனக்கு விளையாட வரவில்லை." பிறகு என் கையுறை போட்ட கையை மெதுவாகத் தொட்டார், மற்ற வீடுகளில் கிழவர்கள் தொடுவதுபோல, மரியாதையாக. "நீங்கள் அவளைக் கண்டால் சொல்லுவீர்களா? எனக்கு அவள் முன்னால் வாய் வராது. நீங்கள் சொல்லுங்கள்."

"யா" என்றேன். "சொல்லுகிறேன்."

முகத்தைத் துடைத்துவிட்டேன். துவாயை மடித்தேன். "இப்போது நாங்கள் கொஞ்சம் கோப்பி குடிக்கப்போகிறோம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்க் கேத்தலைப் போட்டேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போய்க் கையுறையைக் கழற்றினேன், ஏப்ரனைக் கழற்றினேன், நீலச் சட்டையையும் கழற்றி மெஷினுக்குள் எறிந்துவிட்டுக் கொடியில் கிடந்த வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பின்கதவைத் திறந்து வெளியே வந்தேன். நல்ல காற்று, மழைத் தூறலும் சேர்ந்து. சப்பாத்துப் போட நினைவு வரவில்லை, வீட்டுச் செருப்போடு புல்லில் நடந்து, காரைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன்.

என் வீட்டு வாசலில் நான் அந்நியப் பெண்போல நின்றேன். கடிதம் போடுகிற ஓட்டைக்கு மேலே என் பெயரும் அவர் பெயரும் ஒட்டியிருந்தன. ஆள் தெரியாமல் அவர் கதவை மூடிவிட்டால்? தெரிந்து, பழையபடி வாயில் அடித்துக்கொண்டால்? பெல்லை அடித்தேன்.

உள்ளே பொல்லு ஊன்றுகிற சத்தம். அவர் தனியாக எழும்பியிருக்கிறார். விழுந்துவிடப்போகிறார் என்று உள்ளே ஓடத்தான் கால் துடித்தது, எப்படி ஓடுவது, கதவு பூட்டியிருக்கிறது. பொல்லு நின்றது, வந்தது, நின்றது. பூட்டு இரண்டு தரம் பிசகி மூன்றாம் தரம் திறந்தது.

"இஞ்சேருங்கோ" என்றேன். "நான்தான். விமலா. வந்திட்டன்."

அவருக்கு வியர்த்தது. உதடு நடுங்கியது. இடது கை பொல்லை விட்டு மேலே எழும்பியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை வாயில் விழவில்லை. என் நனைந்த தலைமயிரில் வந்து நின்றது.

"ஓம்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அவர் வாயைத் திறந்தார். திரும்பவும் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்தப் பழைய முகம் வந்துவிட்டது, மூன்று சொல்லுக்கு மேல் தாண்டாத அந்த முகம். கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, என் கையை விடாமலே, தலையை உள்ளே திருப்பினார். குசினிப் பக்கம் பார்த்து, ஒரு துண்டும் விடாமல், ராகம் போட்டுக் கூப்பிட்டார்.

"யெம்மெயெல்ப்பென். கூனா மி ஆர் ஹெர்." வீட்டுதவியே, என் மனைவி வந்துவிட்டாள்.

பதில் இல்லாததால் இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதே மரியாதையோடு சொன்னார். "வந்து சொல்லுங்கள். அந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லுவதாகச் சொன்னீர்களே."

உள்ளே கேத்தல் கொதித்து, தானாக நின்றது. அவர் என் கையைப் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.